ஓப்பன்ஸ்டாக் ஷெல் ஸ்கிரிப்டுகளில் எந்த விதி எதற்காக?

நீங்கள் கேட்டது இது: டெவ்ஸ்டாக்குக்கு முதல் திருத்தத்தை அனுப்பினேன், என் கணினியில் ஸ்கிரிப்ட் சரியாகவே ஓடுகிறது, ஆனாலும் மதிப்பாய்வில் மைனஸ் ஒன்று விழுந்துவிட்டது, மாறியை மேற்கோள் குறிக்குள் வை, 'லோக்கல்' அறிவிப்பைப் பிரித்து எழுது, 'தென்' என்பதை 'இஃப்' வரியிலேயே வை, நான்கு இடைவெளி உள்தள்ளு என்று வரிசையாகக் குறிப்புகள், இந்த விதிகளை எங்கே படிப்பது? இடத்தைச் சொல்வது எளிது. களஞ்சியத்தின் மேல்மட்டத்திலேயே 'ஹேக்கிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது; ஒரே அமர்வில் படித்துவிடலாம். ஆனால் உங்கள் சங்கடம் வேறு என்று நினைக்கிறேன். ஓடுகிற நிரலை எதற்காக மாற்றவேண்டும், இந்தக் குறிப்புகளில் எது பிழை, எது பழக்கம் என்பது உங்களுக்குப் பிடிபடவில்லை. ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதியும் பிறர் எழுதியதை மதிப்பாய்வு செய்தும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் அந்தப் பிரிவினையைச் செய்துகாட்டுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது எது, அனுபவசாலிகளே முரண்படுவது எது என்பதை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

ஸ்கிரிப்ட் எங்கே ஓடப்போகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். சொந்த மேகக் கணிமையை அமைக்க உதவும் திறமூல மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கை 2010-இல் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் சேர்ந்து தொடங்கின. அதன் பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. ஆனால் ஒரே கணினியில் முழு மேகத்தையும் நிறுவித் தரும் டெவ்ஸ்டாக் பெரும்பாலும் பாஷ் என்னும் ஷெல்லில் எழுதப்பட்டதுதான். யாராவது ஒரு திருத்தத்தை அனுப்பினால் ஸூல் என்னும் தானியங்கி அமைப்பு புதிய மெய்நிகர் கணினிகளை எடுத்து, அவற்றில் டெவ்ஸ்டாக்கை ஓட்டி, அதன் மேல் சோதனைகளை நடத்துகிறது. ஆகவே நீங்கள் எழுதிய வரி வெவ்வேறு லினக்ஸ் வழங்கல்களில், சூடோ கட்டளை தரும் நிர்வாகி அதிகாரத்தோடு, திரையை யாரும் பார்க்காத நேரத்தில், திரும்பத் திரும்ப ஓடவேண்டும். ஷெல்லோ, மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கட்டளை தருவார் என்ற எண்ணத்தில் பிறந்தது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த போர்ன் ஷெல்லின் அந்த இயல்பு இன்றைய பாஷிலும் அப்படியே இருக்கிறது: ஒரு கட்டளை தோற்றால் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். உட்கார்ந்திருப்பவர் பிழைச் செய்தியைப் பார்த்து நிறுத்திக்கொள்வார் என்பது அதன் கணக்கு. ஆளில்லாத இடத்தில் அந்தக் கணக்கு பொய்க்கிறது. பொருளுள்ள விதிகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டையை அடைக்க வந்தவை.

இனி உங்களுக்கு வந்த குறிப்புகள். ஓப்பன்ஸ்டாக் சமூகம் தன் பாஷ் ஸ்கிரிப்டுகளுக்கென்றே பாஷேட் என்ற சரிபார்ப்புக் கருவியை உருவாக்கி வைத்திருக்கிறது. வரி முடிவில் வீண் இடைவெளி இருந்தால் இ001, டேப் எழுத்தால் உள்தள்ளினால் இ002, உள்தள்ளல் நான்கின் மடங்காக இல்லையென்றால் இ003, 'டூ' என்பது 'ஃபார்' வரியில் இல்லையென்றால் இ010, 'தென்' என்பது 'இஃப்' வரியில் இல்லையென்றால் இ011, செயற்கூற்றை 'ஃபங்ஷன்' என்ற சொல்லோடு தொடங்கி அதே வரியில் நெளிவு அடைப்பைத் திறக்காவிட்டால் இ020 என்று அது எண் கொடுத்துச் சொல்லும். இவை எல்லாம் உடன்பாடுகள் மட்டுமே. மீறினாலும் நிரல் அதே மாதிரிதான் ஓடும். கூகுளின் ஷெல் கையேடு இரண்டு இடைவெளி விடச் சொல்கிறது; 'ஃபங்ஷன்' என்ற சொல் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்குப் பொதுவான பாஸிக்ஸ் தரத்தில் இல்லாததால் பல திட்டங்கள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஓரிடத்தில் கட்டாயமானது இன்னோரிடத்தில் ஒதுக்கப்படுகிறது. இத்தகைய விதிகளுக்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவிடவேண்டாம். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரே தேடலில் கண்டுபிடிக்கலாம், திருத்தங்களை ஒப்பிடும்போது வீண் வேறுபாடுகள் கண்ணில் படாது. அந்தப் பயன் போதும். அனுப்புவதற்கு முன் கருவியை ஓட்டுங்கள், சொன்னதைச் செய்யுங்கள், மறந்துவிடுங்கள்.

ஆனால் அதே பட்டியலில் இ042 என்றும் இ043 என்றும் இரண்டு இருக்கின்றன. எண்கள்தான் அடுத்தடுத்து வருகின்றன, தன்மை முற்றிலும் வேறு. இ042 என்பது உங்களுக்கு வந்த 'லோக்கலைப் பிரித்து எழுது' என்ற குறிப்பு. செயற்கூற்றுக்குள் 'லோக்கல்' என்று அறிவித்து, அதே வரியில் சம குறி போட்டு, டாலர் அடைப்புக்குள் ஒரு கட்டளையை ஓட்டி அதன் வெளியீட்டை வாங்குகிறீர்கள் அல்லவா? அங்கே 'லோக்கல்' என்பதே ஒரு கட்டளை. மாறியை அறிவித்துவிட்டால் அது வெற்றி என்று அறிவித்து, வெளியேறும் எண்ணாகச் சுழியத்தைத் திருப்பித் தந்துவிடும். உள்ளே ஓடிய கட்டளை தோற்றுப்போன செய்தி அங்கேயே புதைந்துவிடுகிறது. பிணையத்தின் அடையாள எண்ணை வாங்கவேண்டிய இடத்தில் வெற்றுச் சரத்தை வாங்கிக்கொண்டு ஸ்கிரிப்ட் நடந்துகொண்டே இருக்கும். பல வரிகளுக்குப் பிறகு, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் விழும். ஒரு வரியில் அறிவித்து அடுத்த வரியில் மதிப்பைக் கொடுத்தால் தோல்வி வெளியே தெரியும். டெவ்ஸ்டாக்கில் நீள வரி விதியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள், ஆனால் இ042-ஐ எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே கணக்கிடுகிறார்கள். அந்த முன்னுரிமை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. இ043 இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: இரட்டை வளைவு அடைப்புக்குள் எண்ணியை ஒன்று கூட்டும்போது, கோவையின் மதிப்பு சுழியமாக இருந்தால் பாஷ் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். எண்ணி சுழியத்தில் தொடங்கி, பின்னொட்டாகக் கூட்டினால், தோல்வி வந்தவுடன் நிறுத்தும் எர்எக்ஸிட் என்ற விருப்பம் இயங்கும் ஸ்கிரிப்ட் முதல் சுற்றிலேயே, எல்லாம் சரியாக இருக்கும்போதே, நின்றுவிடும். டாலர் இரட்டை வளைவு அடைப்பில் கணக்கைப் போட்டு மதிப்பை மாறிக்குத் திருப்பி எழுதினால் இந்தச் சிக்கல் எழாது.

மேற்கோள் குறி பற்றிய குறிப்பும் உண்மையான பிழையைச் சுட்டுவதுதான். மேற்கோள் இல்லாமல் விட்ட மாறியை ஷெல் விரித்த பிறகு, இடைவெளி உள்ள இடங்களில் வெட்டி, நட்சத்திரக் குறி இருந்தால் கோப்புப் பெயர்களாக நிரப்பி, அதற்கப்புறம்தான் கட்டளைக்குக் கொடுக்கிறது. உங்கள் கணினியில் அடைவின் பெயரில் இடைவெளி இல்லை, அதனால் ஓடியது. ஷெல் பிழைகளைச் சுட்டும் ஷெல்செக் என்ற கருவி இதற்கு எஸ்சி2086 என்று எண் கொடுத்திருக்கிறது. ஷெல் எழுதுகிற எவரும் அதிகம் பார்க்கிற எச்சரிக்கை அதுவாகத்தான் இருக்கும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் இடப்பக்கம் இருக்கும் மாறிக்கும், நேரடியாக மதிப்பைக் கொடுக்கிற வரிக்கும் மேற்கோள் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் விதிவிலக்குகளை நினைவில் வைத்திருப்பதைவிட எங்கும் போட்டுவிடுவது எளிது. பல சொற்களாகப் பிரியவேண்டும் என்றே நீங்கள் விரும்புகிற இடத்தில், அதாவது கட்டளைக்குத் தரும் விருப்பங்களைச் சேர்த்துவைக்கிற இடத்தில், சரத்தை விட்டுவிட்டு அணியை (அரே) பயன்படுத்துங்கள்.

மேற்கோள் எல்லாவற்றையும் காக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் தொடக்க ஸ்கிரிப்டில் 2015 ஜனவரியில் வெளிப்பட்ட பிழையை ஷெல் எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். தான் இருக்கும் அடைவைக் கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து கேட்காமலே எல்லாவற்றையும் அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' செய்யும் வரி அதில் இருந்தது. அடைவைக் கண்டுபிடிக்க முடியாதபோது மாறி வெறுமையானது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது அமைப்பில் உள்ள எல்லாமும். அந்த வரியில் மேற்கோள் குறி சரியாகவே இருந்தது. வரையறுக்கப்படாத மாறியைத் தடுக்கும் 'நோஅன்செட்' விருப்பம் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது, ஏனென்றால் மாறி வரையறுக்கப்பட்டுத்தான் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, அவ்வளவுதான். காப்பாற்றக்கூடியது மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதும் முறை: வரையறுக்கப்படாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடும். வெறும் கேள்விக்குறி போட்டால் வெறுமையைப் பிடிக்காது, முக்காற்புள்ளியும் வேண்டும். அழிக்கிற வரி எதுவானாலும், உரிமையை மாற்றுகிற வரி எதுவானாலும், இதைக் கேட்காமல் நான் மதிப்பாய்வில் ஒப்புதல் தருவதில்லை.

அடுத்து வருவது எல்லோரும் சண்டையிடும் இடம்: தொடக்கத்தில் 'செட் -ஓ எர்எக்ஸிட்', 'நோஅன்செட்', 'பைப்ஃபெயில்' என்ற மூன்றையும் போடவேண்டுமா? கொள்கலன்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸ் திட்டத்தின் 'ஹேக்' அடைவைத் திறந்தால் அந்த மூன்று வரிகளோடுதான் ஸ்கிரிப்டுகள் தொடங்குகின்றன. வட்டுப் பிம்பங்களை உருவாக்கும் ஓப்பன்ஸ்டாக்கின் டிஸ்க்இமேஜ்-பில்டரும் அதையே கேட்கிறது. டெவ்ஸ்டாக்கின் முதன்மை ஸ்கிரிப்ட் எர்எக்ஸிட்டை இயக்கி, பிழை நேர்ந்தால் பிடிக்க ஒரு 'டிராப்' கண்ணியையும் வைக்கிறது. பெரிய திட்டங்களின் நடைமுறை இது என்பதில் ஐயமில்லை. எர்எக்ஸிட் நம்பகமற்றது, அதை விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டளையையும் கையால் சோதிக்கவேண்டும் என்று வாதிடும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் அனைத்தும் உண்மை என்பதுதான் இந்த விவாதத்தைக் கடினமாக்குகிறது.

அந்தக் காரணங்களைப் பாருங்கள். 'இஃப்' நிபந்தனையில், 'ஒய்ல்' நிபந்தனையில், ஆச்சரியக்குறிக்குப் பின், இரட்டை 'அண்ட்' அல்லது இரட்டைச் செங்குத்துக் கோட்டின் இடப்பக்கத்தில் ஓடுகிற கட்டளைக்கு எர்எக்ஸிட் பொருந்தாது. இது நியாயமானதுதான், சோதிப்பதற்காகத்தானே ஓட்டுகிறோம். ஆனால் அந்த இடத்தில் ஒரு செயற்கூற்றை அழைத்தால், அதன் உடல் முழுவதற்கும், அது அழைக்கும் செயற்கூறுகளுக்கும்கூட எர்எக்ஸிட் அணைந்துவிடுகிறது. தனியாக அழைக்கும்போது முதல் தோல்வியில் நின்ற செயற்கூறு, 'இஃப்' முன்னால் வந்தவுடன் தோல்விகளைத் தாண்டி ஓடி, கடைசி வரி வென்றால் வெற்றி என்று சொல்லிவிடும். எழுதியவர் ஒருவர், அழைப்பவர் இன்னொருவர் என்று இருக்கிற பெரிய திட்டத்தில் இது கண்ணுக்குத் தெரியாத பள்ளம். இன்னொன்று: டாலர் அடைப்புக்குள் ஓடும் துணை ஷெல்லுக்கு பாஷ் தன் இயல்பான நிலையில் எர்எக்ஸிட்டைக் கடத்துவதில்லை. அதைக் கடத்தும் 'இன்ஹெரிட்_எர்எக்ஸிட்' என்ற விருப்பம் 4.4 பதிப்பில்தான் வந்தது.

என் முடிவு இது, இதை உறுதியான உண்மையாக எடுத்துக்கொள்ளவேண்டாம், ஒரு மதிப்பாய்வாளரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்: நேரடியாக ஓடும் ஸ்கிரிப்டில் மூன்றையும் போடுங்கள், போட்ட பிறகு அவை இல்லை என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள். தோற்றால் ஆபத்து விளையும் கட்டளைக்கு, அதாவது அடைவு மாறுதல், பதிவிறக்கம், அழித்தல் போன்றவற்றுக்கு, தோல்வியை நீங்களே வெளிப்படையாகக் கையாளுங்கள். டெவ்ஸ்டாக்கில் அதற்காகவே 'டை' என்ற செயற்கூறு இருக்கிறது; வரி எண்ணையும் செய்தியையும் அதற்குக் கொடுத்தால் எங்கே விழுந்தது என்பது பதிவில் நிற்கும். மற்றொரு ஸ்கிரிப்டுக்குள் 'சோர்ஸ்' செய்து ஏற்றப்படும் நூலகக் கோப்பிலோ இந்த மூன்று வரிகளைப் போடவே கூடாது. டெவ்ஸ்டாக்கின் 'லிப்' அடைவில் உள்ள கோப்புகள் அனைத்தும் அப்படி ஏற்றப்படுபவை. அங்கே நீங்கள் மாற்றும் விருப்பம் அழைத்தவரின் ஷெல்லையே மாற்றிவிடும்; அவர் எதிர்பாராத இடத்தில் அவருடைய ஸ்கிரிப்ட் நின்றுபோகும். புதியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பைப்ஃபெயில் பற்றித் தனியாக ஒரு சொல். அது இல்லையென்றால், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப்பின் கடைசிக் கட்டளை வென்றாலே முழுவதும் வென்றதாகக் கணக்கு; பதிவிறக்கம் பாதியில் அறுந்ததும் தெரியாது. அது இருந்தால், பைப்பின் முடிவில் 'க்ரெப் -க்யூ' இருக்கும் இடங்களில் கவனம் தேவை. தேடியது கிடைத்தவுடன் க்ரெப் வெளியேறிவிடும். எழுதிக்கொண்டிருந்த முதல் கட்டளைக்கு உடைந்த பைப் சமிக்ஞை வந்து அது 141 என்ற எண்ணோடு சாகும். தேடியது கிடைத்தும் தோல்வி என்று முடிவு வரும், அதுவும் வெளியீடு பெரிதாக இருக்கிற நாட்களில் மட்டும். இப்படி எப்போதாவது தலைகாட்டும் தோல்வியைத் துரத்துவது மிகுந்த அலுப்பு. முதலில் வெளியீட்டை மாறியில் வாங்கிக்கொண்டு, பிறகு அதில் தேடுங்கள். பைப்ஃபெயில் நீண்டகாலம் பாஷ், கார்ன் போன்ற ஷெல்களின் தனிச்சொத்தாக இருந்து 2024-இல்தான் பாஸிக்ஸ் தரத்துக்குள் வந்தது.

எந்த ஷெல் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. முதல் வரியில் 'எஸ்ஹெச்' என்று எழுதிவிட்டு உள்ளே பாஷின் வசதிகளைப் பயன்படுத்துவது பிழை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. உபுண்டு 2006-இல் வெளியிட்ட 6.10 பதிப்பிலிருந்து அங்கே எஸ்ஹெச் என்பது டேஷ் என்னும் சிறிய ஷெல். இரட்டைச் சதுர அடைப்பையும் அணிகளையும் அது அறியாது. பாஷ் என்று எழுதினாலும் எந்தப் பதிப்பு என்பதைப் பார்க்கவேண்டும். பாஷ் 4.0 முதல் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியதால் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளில் 3.2 பதிப்போடு நின்றுவிட்டது. சொற்களைச் சுட்டாகக் கொண்ட அணிகள், 'மேப்ஃபைல்', எழுத்தைச் சிறியதாக்கும் விரிவு ஆகியவை அங்கே கிடையாது. 4.4-க்கு முந்தைய பாஷில் நோஅன்செட் இருக்கும்போது வெற்று அணியை விரித்தாலே பிழை. டெவ்ஸ்டாக் லினக்ஸில் மட்டும் ஓடுவதால் நீங்கள் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. பங்களிப்பாளர்கள் தங்கள் மடிக்கணினியில் ஓட்டும் துணைக் கருவிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதினால் கட்டாயம் பாருங்கள். முதல் வரியில் 'என்வ்' வழியாக பாஷை அழைப்பதா, நேரடிப் பாதையைக் கொடுப்பதா என்பது திட்டத்தின் விருப்பம். ஃப்ரீபிஎஸ்டி, நிக்ஸ்ஓஎஸ் போன்றவற்றில் பாஷ் வழக்கமான இடத்தில் இருக்காது என்பதே என்வ்-க்கு ஆதரவான காரணம்.

மேகத் திட்டங்களுக்கே உரிய ஒன்றைப் பொது ஷெல் கையேடுகள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. ஓடும் ஒவ்வொரு வரியையும் விரித்துக் காட்டும் எக்ஸ்ட்ரேஸ் பிழை தேடுவதற்கு அருமையான துணை. டெவ்ஸ்டாக்கின் பதிவுகள் பெரும்பாலும் அதன் வெளியீடுதான். அது மாறியின் பெயரைக் காட்டுவதில்லை, மதிப்பையே காட்டுகிறது. கடவுச்சொல்லும் டோக்கனும் அப்படியே பதிவில் ஏறும். திறமூலத் திட்டத்தின் சோதனைப் பதிவுகளோ உலகத்தில் யாரும் திறந்து படிக்கக்கூடியவை. சோதனைக்காக உருவாக்கி உடனே அழிக்கும் கணினியின் கடவுச்சொல் வெளியானால் சேதமில்லை. அதே ஸ்கிரிப்டை யாராவது தங்கள் நிறுவனத்தில் மறுபயன்படுத்தும்போது சேதம் வரும். இரகசியத்தைத் தொடும் வரிகளுக்கு முன் எக்ஸ்ட்ரேஸை அணைத்துவிட்டு, முன்பு என்ன நிலை இருந்ததோ அதற்கே திருப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இயக்கிவிடக்கூடாது. தொடக்கத்திலேயே அணைத்திருந்தவர் ஏமாந்துபோவார். டெவ்ஸ்டாக்கின் நூலகக் கோப்புகள் தொடக்கத்தில் பழைய நிலையை ஒரு மாறியில் சேமித்து, முடிவில் மீட்கின்றன; அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லைக் கட்டளையின் விருப்பமாகக் கொடுப்பதும் தவறு, அதே கணினியில் உள்ள மற்றவர்கள் 'பிஎஸ்' கட்டளையில் அதைப் படிக்கலாம். உள்ளீட்டு வழியாகவோ, உரிமையாளர் மட்டும் படிக்கக்கூடிய கோப்பு வழியாகவோ கொடுங்கள்.

மேகத்தோடு பேசும் ஸ்கிரிப்டுகளில் இன்னும் சில. ஓப்பன்ஸ்டாக் கட்டளைக் கருவி மனிதருக்காக வரைந்து தரும் அட்டவணையை 'க்ரெப்', 'ஆக்' ஆகிய கட்டளைகளை வைத்து வெட்டி எடுக்காதீர்கள். '-எஃப் வேல்யூ -சி ஐடி' என்று கேட்டால் அடையாள எண்ணை மட்டும் தருகிறது. சிக்கலான விடையை ஜேசன் வடிவில் வாங்கி 'ஜேக்யூ' கொண்டு படிக்கலாம். அட்டவணையில் ஒரு நெடுவரிசை கூடினால் நான்காவது புலம் ஐந்தாவதாகிவிடும், உங்கள் ஸ்கிரிப்ட் தவறான மதிப்பை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாக ஓடும். 'கர்ல்' கொண்டு எதையாவது இறக்கும்போது '-எஃப்' விருப்பம் இல்லையென்றால், சர்வர் 404 என்று சொன்னாலும் கர்ல் வெற்றி என்றே திரும்பும். பிழைப் பக்கம் உங்கள் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த விருப்பம் இருந்தால் 22 என்ற எண்ணோடு தோற்கும். ஒரு சேவை எழும் வரை காத்திருக்க 'ஸ்லீப்' போட்டு முப்பது விநாடி உறங்குவது உங்கள் கணினியின் வேகத்தை எல்லோர் மேலும் திணிப்பது. நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கால வரம்பு கடந்தால் தெளிவான செய்தியோடு நிற்கிற மடக்கை எழுதுங்கள். டெவ்ஸ்டாக்கில் சேவைக்காகக் காத்திருக்க ஏற்கெனவே செயற்கூறு இருக்கிறது, புதிதாக எழுதவேண்டாம்.

ஏற்கெனவே இருப்பதைத் தேடிப் பயன்படுத்துவது என்பதே மதிப்பாய்வாளர்கள் மனத்தில் வைத்திருந்தும் வெளியே சொல்லாமல் விடும் விதி. அமைப்புக் கோப்பில் ஒரு மதிப்பை எழுத 'இனிசெட்', ஒரு சேவை இயக்கத்தில் உள்ளதா என்று கேட்க 'இஸ்_சர்வீஸ்_எனேபிள்ட்' என்று டெவ்ஸ்டாக்கில் ஆயத்தமாகச் செயற்கூறுகள் உள்ளன. நீங்கள் 'எக்கோ' கொண்டு கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தால், ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டும்போது அது இரண்டு வரியாகும். இனிசெட் இருப்பதை மாற்றும், இல்லாததைச் சேர்க்கும். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு வரவேண்டும் என்ற இந்த எதிர்பார்ப்பு அடைவு உருவாக்குவது, இணைப்புக் கோப்பு போடுவது, பயனரைச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். இன்னொரு பழைய தடுமாற்றம்: சூடோ போட்ட கட்டளையின் வெளியீட்டைக் கோண அம்புக்குறி கொண்டு பாதுகாக்கப்பட்ட கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், சூடோ அல்ல. பைப் வழியாக 'சூடோ டீ' கட்டளைக்கு அனுப்புங்கள். டெவ்ஸ்டாக் தன்னை ரூட் பயனராக ஓட்டவே விடாது என்பதால் இதில் நிச்சயம் முட்டிக்கொள்வீர்கள்.

கருவிகளை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஷெல்செக் மிகச் சிறந்த கருவி, அதை ஓட்டாமல் எதையும் அனுப்பக்கூடாது. ஆனால் அது நிரலின் வடிவத்தைத்தான் படிக்கிறது. 'இஃப்' முன்னால் செயற்கூற்றை அழைத்ததால் அணைந்த எர்எக்ஸிட்டை அது இயல்பாகச் சொல்வதில்லை, விருப்பச் சோதனையாக இயக்கினால்தான் சொல்லும். கால வரம்பில்லாத மடக்கையோ பதிவில் கசியும் கடவுச்சொல்லையோ அது கண்டுபிடிக்காது. எச்சரிக்கை உங்கள் இடத்துக்குப் பொருந்தவில்லை என்று உறுதியானால் அந்த ஒரு வரிக்கு மட்டும் அணைத்து, ஏன் என்று பக்கத்தில் எழுதுங்கள். கோப்பு முழுவதற்கும் அணைத்து அனுப்பினால், நான் மதிப்பாய்வாளராக இருந்தால், திருப்பி அனுப்புவேன்.

எப்போது ஷெல்லை விட்டு பைத்தானுக்குப் போவது என்பதில் துல்லியமான கோடு கிடையாது. கூகுள் கையேடு நூறு வரியைத் தாண்டினால் வேறு மொழியில் எழுதச் சொல்கிறது. டெவ்ஸ்டாக்கின் முதன்மை ஸ்கிரிப்டோ அதைவிடப் பல மடங்கு நீளம், நன்றாகவே பயன்படுகிறது. வரி எண்ணிக்கையை நான் அளவுகோலாகக் கொள்வதில்லை. கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது ஷெல்லின் வேலை. அணிக்குள் அணி வைக்கத் தோன்றினாலோ, சரத்தை வெட்டி ஒட்டும் வரிகள் கட்டளைகளை விட அதிகமானாலோ, பிழை நேர்ந்தால் முன்பு செய்ததைப் பின்வாங்கவேண்டிய தேவை வந்தாலோ மாறிவிடுங்கள்.

இப்போது உங்கள் மைனஸ் ஒன்று. அது நிராகரிப்பு அல்ல, இன்னொரு பதிப்பு அனுப்பு என்பதே கெரிட் என்னும் மதிப்பாய்வுத் தளத்தின் வழக்கில் அதன் பொருள். புதிய மாற்றமாகத் திறக்காமல், அதே கமிட்டைத் திருத்தி, மாற்ற அடையாளத்தைக் கலைக்காமல் அனுப்புங்கள். பழைய குறிப்புகள் அங்கேயே இருக்கும். முதலில் இ042, மேற்கோள் குறி இரண்டையும் சரிசெய்யுங்கள், பிறகு பாஷேட் சொல்லும் வடிவக் குறைகளை. உங்கள் மாற்றத்துக்குத் தொடர்பில்லாத வரிகளை அழகுபடுத்த ஆசைப்பட்டால் அதைத் தனிக் கமிட்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் எந்த வரி நடத்தையை மாற்றுகிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 'செய்துவிட்டேன்' என்றோ, ஒப்புக்கொள்ளவில்லை என்றால் காரணத்தையோ எழுதுங்கள். ஒரு குறிப்பு உடன்பாடா, உண்மைப் பிழையா என்று புரியாவிட்டால், எந்தச் சூழ்நிலையில் இது தவறாக ஓடும் என்று அங்கேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எடுத்துக்காட்டோடு விடை வந்தால் நீங்கள் ஒரு பள்ளத்தைத் தெரிந்துகொண்டீர்கள். 'இங்கே இப்படித்தான் எழுதுவோம்' என்று வந்தால் அதையும் மாற்றி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.